மூக்கு யாருது?

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, இனிமேல் யாரும் வரையாததைத்தான் வரைவது என்று நான் முடிவு செய்தேன். அதற்குக் காரணம் ஒரு பாராட்டு. வகுப்பில் மாம்பழம் வரையச் சொன்னார்கள். என்னுடையதை டிராயிங் டீச்சர் தூக்கிப் பிடித்து, "அச்சடிச்ச மாதிரியே இருக்குது பாருங்கடி" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அந்த வார்த்தை முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றால் அச்சே போதுமே. நான் எதற்கு?

இந்தக் கேள்வியை வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. அப்பா தறியில் இருப்பார். அம்மா தார்க்குச்சியில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். நான் எதற்கு என்று கேட்டால் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்: குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடு.

யாரும் வரையாததை வரைவேன் என்று சபதம் எடுப்பதற்குக் காஞ்சிபுரத்தைப் போல் தோதில்லாத ஊர் உலகத்தில் வேறு இருக்காது. எதை நினைத்தாலும் எவனோ முந்திக்கொண்டு அதைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பான். குதிரை வரையலாம் என்று நினைத்தால் வரதராஜர் கோயில் மண்டபத்தில் குதிரைகள் தூண் தூணாகக் கால் தூக்கி நின்றன. சிங்கம், யானை, குரங்கு, கொடி, பாம்பு எல்லாம் இருந்தன. சிங்கமும் யானையும் கலந்த மிருகம் ஒன்று எனக்குக் கனவில் வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் அதுவும் இருந்தது. கல்லில் இல்லாததைப் புடவையில் போட்டிருந்தார்கள். அன்னம், மயில், கிளி, மாங்காய், ருத்திராட்சம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கோயில் கோயிலாகப் போய், எனக்கு மிச்சமில்லாததையெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா எனக்கு பக்தி வந்துவிட்டதாக நினைத்துத் தெருவில் சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் மிச்சம் இருந்தது காக்கா.

சனீஸ்வரன் காலடியில் ஒரு காக்கா உண்டு என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயும் கரியும் ஏறிப்போன அந்த உருண்டையை யாராவது சொன்னால்தான் காக்கா என்று தெரியும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டு முற்றத்துச் சுவரில் தினமும் உயிரோடு வந்து உட்காரும் காக்காவை இந்த ஊரில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவும் ஆறுதலாகவும் இருந்தது. என்னையும் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

வரைய ஆரம்பித்த பிறகுதான் காக்கா எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. கறுப்பு என்று நினைத்துப் போனால் அதில் நீலம் இருக்கிறது, கழுத்தில் சாம்பல் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே பறந்துவிடுகிற மாதிரி இருக்கும். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அடுப்புக்கரியால் வரைந்தேன். ராத்திரி படுக்கும்போது அற்புதமாக இருப்பது காலையில் பார்த்தால் செத்த கோழி மாதிரி இருக்கும். சில நாள் எனக்கு ஒன்றும் வராது என்று அழுவேன். சில நாள் இந்த ஊரிலேயே எனக்குத்தான் கண் இருக்கிறது என்று நினைப்பேன். இரண்டும் ஒரே நாளில் வருவதும் உண்டு.

ஒரு நாள் காக்கா ஒன்று அம்மா கழித்துப் போட்ட ஜரிகை நூலைக் கவ்விக்கொண்டு சுவரில் ஏறி நின்றது. அம்மா துரத்தினாள். அது பறக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பி, தன் முதுகுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தது. 'உனக்கு எதுக்கு இது?' என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அதை வரைந்தேன். அன்றைக்கு மட்டும் கை என் பேச்சைக் கேட்டது. காலையில் எடுத்துப் பார்த்தேன். அப்போதும் அது காக்காவாகவே இருந்தது.

அதை முதலில் பார்த்தவர் மாமா. அம்மாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பட்டுக் கடை முதலாளிக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. முதலாளி ஒரு பழைய புடவையையோ கோயில் தூணையோ காட்டுவார். மாமா அதைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொண்டுவருவார். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால் புடவையில் அந்த உருவம் விழும். தெருவில் எல்லாரும் அவரை "டிசைன்காரரு" என்றுதான் சொல்வார்கள்.

மாமா காலண்டர் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"எதைப் பாத்துப் போட்ட பாப்பா?"

"காக்காவப் பாத்துதான்."

"அது தெரியுது. எந்தப் படத்தைப் பாத்துன்னு கேட்டேன்."

"படமெல்லாம் இல்ல மாமா. காக்காவ."

அவர் தாளைத் தான் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். பெரியவர்களிடம் கேட்பது போல என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கோடா பொட்டலத்தோடு வந்து, முதலாளிக்குப் பிடித்துவிட்டது, கல்யாண சீசனுக்கு அந்தக் கரையை எடுத்துக்கொள்கிறார், முதல் புடவை எங்கள் தறியிலேயே ஏறும் என்று சொன்னார். "அந்தக் கழுத்துத் திருப்பம் இருக்குது பாரு, இதுவரைக்கும் யாரும் போட்டதில்லன்னாரு." அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, "மாப்ள, நம்ம பொண்ணா போட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். அம்மா கேசரி கிண்டினாள். மாமா மட்டும் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்டதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "தறியில ஏறட்டும் பாப்பா" என்று சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் இனிமேல் என்னுடைய காக்காவைத்தான் கட்டப்போகிறார்கள் என்று சொன்னேன்.

"காக்கா பொடவையா? அமாவாசைக்குக் கட்டிக்கினு சோறு வெக்கலாம்" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நான் அவர்களுக்காக இரக்கப்பட்டேன். புதிதாக ஒன்று வரும்போது ஜனங்கள் சிரிப்பார்கள், பிறகு அவர்களே வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்று எனக்குள் ஒரு தத்துவம் தயாராக இருந்தது.

தை மாதத்தில் அட்டை வந்தது. எங்கள் வீட்டில் நெய்வது கோர்வைப் புடவை. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்குத் தனியாக ஒன்று. அப்பா தறியில் உட்கார்ந்து நெய்ய, கரை ஓரத்தில் ஒரு ஆள் இருந்து அந்த நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஆள் நான். எனவே என்னுடைய பறவையை நெய்ததிலும் என் கை இருந்தது.

கரையில் பறவை நின்ற வாக்கில் வளராது. தறியில் அது படுத்த வாக்கில், வாலிலிருந்து ஆரம்பித்து வரும். முதலில் ஜரிகையில் வால் நுனி வந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது. கடைசி இறகு கொஞ்சம் விலகி நிற்கும். நான்தான் அப்படிப் போட்டேன். பிறகு முதுகின் வளைவு. பிறகு தூக்கிய காலின் நகம். ஒவ்வொரு இழையையும் அப்பா அடிக்க அடிக்க என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. "பாத்துத் தள்ளும்மா, இழுக்காத" என்றார் அப்பா. அப்புறம் சிவப்புப் பட்டு சுற்றிய குட்டித் தார் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"இது எதுக்குப்பா?"

"உம் மாமன் போட்டிருக்கான். உள்ள வுடு."

விட்டேன். முதுகுக்கு மேலே, எதிலும் ஒட்டாமல், ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. தலை பின்னால் திரும்பியிருப்பதால் மூக்குதான் முதலில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சிவப்பு எதற்கு என்று தெரியவில்லை. அடுத்த இழைகளில் அது நீளவில்லை, கீழே வளைந்தது. இன்னும் வளைந்தது. பிறகு ஜரிகையில் தலை வந்தது, கழுத்தில் ஒரு வளையம் வந்தது. அப்பா கையை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"அடடா! கிளி உயிரோட உக்காந்திருக்குது பாரு" என்றார்.

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் முன்பு பார்த்ததில்லை. அதனால் அடுத்த பறவையின் வால் வரும்வரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தேன். பிறகு எழுந்து மாமா அறைக்கு ஓடினேன்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். அட்டை ஏறிய நாள் அவருக்கும் தெரியும் அல்லவா.

"அது காக்கா, மாமா."

"காக்காதான் பாப்பா. மொதல்ல காக்காவாத்தான் கட்டம் போட்டேன். முதலாளி கையால தொடல. சனீஸ்வரன் வாகனத்தக் கட்டிக்கினு பொண்ணு மணையில உக்காரணுமான்னு கேட்டாரு."

"வேணாம்னு எடுத்துக்கினு வந்திருக்கணும்."

"மூக்க மட்டுந்தான் வளைச்சேன். கழுத்துல ஒரு வளையம். மத்ததெல்லாம் உன்னுதுதான். சத்தியமா உன்னுதுதான்."

"அப்ப மூக்கு யாருது?"

மாமா வாசல் நிலையை விரலால் தடவினார். "மூக்கு... அது எப்பவும் இருக்குறதுதான" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த காக்காக்களையெல்லாம் எடுத்து அடுப்பில் போட்டேன். அம்மா தடுக்கவில்லை. அந்தத் தீ வீணாகாமல் பாலை எடுத்து வைத்துக் காய்ச்சினாள்.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் சீக்கிரம் தேறியிருப்பேன். ஆனால் கரை எடுபட்டது. முதலாளி ஒன்றன்பின் ஒன்றாக அதையே நெய்யச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் நான் என்னுடைய பறவைக்கு அந்த மூக்கை வைத்துக்கொண்டிருந்தேன். வால் வரும்போது ஒவ்வொரு முறையும், இந்த ஒரு தடவை மட்டும் நேராக வந்துவிடாதா என்று மனசு எதிர்பார்க்கும். அட்டைக்கு அதெல்லாம் தெரியாது.

பிறகு இன்னொன்று நடந்தது. கோபம் கொஞ்சம் ஆறியதும், யாருக்கும் காட்டாமல் எனக்காக மட்டும் அந்தக் காக்காவைத் திரும்ப வரையலாம் என்று ஒரு நாள் கரியை எடுத்தேன். வால் வந்தது, முதுகு வந்தது, கால் வந்தது. மூக்குக்கு வந்ததும் கை தானாக வளைத்துவிட்டது. அழித்து மறுபடி போட்டேன். நேராகப் போடவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டால் அது ஆணி மாதிரி நின்றது. காக்காவைப் பார்த்துக்கொண்டே போட்டால் சரியாகும் என்று முற்றத்தில் உட்கார்ந்தேன். சுவரில் காக்கா இருந்தது. கண்ணுக்கு அதன் மூக்கு தெரியத்தான் செய்தது. கைக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் நான் நினைத்ததையெல்லாம் இப்போது சொன்னால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவா என்று தோன்றும். அன்றைக்கு வந்தது ஒரு தற்செயல், அதை நான் திறமை என்று நினைத்துவிட்டேன் என்று ஒரு நாள் தோன்றும். ஒருவேளை நான் வரைந்ததே கிளிதான், எனக்குக் கிளி வராததால் அதைக் காக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பார்த்தவுடனே மாமாவுக்கு அது தெரிந்துவிட்டது என்று இன்னொரு நாள் தோன்றும். உண்மையாகவே எனக்குள் ஏதாவது இருந்திருந்தால், ஒரு கிராஃப் தாளும் கொஞ்சம் சிவப்புப் பட்டும் அதை அழித்திருக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு எதிராகவே பதில் வந்தது. டிராயிங் வகுப்பில் தாமரை வரையச் சொன்னபோது பக்கத்துப் பெண்ணுடையதைப் பார்த்து வரைந்தேன். டீச்சர் எதுவும் சொல்லாமல் ரைட் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குத் துக்கம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வைகாசியில் கருட சேவை. விடிகாலையிலேயே வெளியூர் ஜனம் தெருவெல்லாம் நிரம்பி வழிந்தது. கங்கைகொண்டான் மண்டபத்துப் பக்கம் அம்மாவும் நானும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் புதுசாகக் கல்யாணமான பெண்கள் சிலர் அந்தக் கரைப் புடவையைக் கட்டியிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியும் அதையே கட்டியிருந்தாள். அவள் தோளில் கிடந்த குழந்தை, முந்தியின் கரையில் இருந்த பறவையை விரலால் குத்தி, "காக்கா" என்றது.

நான் எட்டி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"காக்கா இல்லடா கண்ணு, கிளி. சொல்லு, கிளி."

"காக்கா" என்றது குழந்தை, பிடிவாதமாக.

அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக யாரோ ஒருவருக்கு அது தெரிந்துவிட்டது. மூக்கை வளைத்தாலும் உள்ளே காக்கா இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் கூட்டம் 'கோவிந்தா, கோவிந்தா' என்று முழங்க, பெருமாள் தங்கக் கருடன்மேல் அசைந்து அசைந்து வந்தார். எல்லாரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். குழந்தையும் நிமிர்ந்து கருடனைப் பார்த்தது. அதே விரலை நீட்டி, அதே குரலில், "காக்கா" என்றது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பேச ஆரம்பிக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாப் பறவையும் காக்காதான் என்பது எனக்கும் தெரிந்த விஷயம். ஒரு நிமிஷம் மறந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வருவது அதிகமானது. முன்பெல்லாம் அம்மாவோடு பேச வருவார். இப்போது யாரோடும் பேசாமல் முற்றத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு, மடியில் கிராஃப் தாளை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகாமல் மத்தியானத்தில்கூட வந்தார். முதலாளி ஆள் அனுப்பித் தேடினார். அம்மா, "ஏன்டா, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

எனக்குக் காரணம் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. கரை நன்றாகப் போகிறது. முதலாளி இன்னொன்று கேட்டிருப்பார். மாமாவுக்கு என்னிடமிருந்து இன்னொரு படம் வேண்டும். நான் எப்போது கரியைக் கையில் எடுப்பேன் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனவே அவர் இருக்கும் நேரத்தில் நான் முற்றத்துப் பக்கமே போகாமல் உள்ளே உட்கார்ந்து தார் சுற்றினேன்.

ஒரு நாள் மாமா தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, காயப்போட்ட பாவாடையை எடுக்க நான் முற்றத்துக்கு வரவேண்டியிருந்தது. கிராஃப் தாள் பலகைமேல் இருந்தது. அதில் ஒரு பறவை. உடம்பு பூசணிக்காய் மாதிரி, கால்கள் இரண்டும் ஒரே பக்கம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். மாமா திரும்பி வந்துவிட்டார்.

"இது என்னா மாமா?"

அவர் வெட்கப்பட்டார். பெரியவர்கள் என் எதிரில் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"காக்கா" என்றார்.

"மூக்கு சரியாவே இல்ல."

"ஆமாம் பாப்பா. எவ்ளோ போட்டாலும் வரமாட்டேங்குது." தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ எப்பிடிப் போட்ட?" என்று கேட்டார்.

எனக்கும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகவாவது என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் பாவாடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எதிரி தோற்றுவிட்ட நிம்மதி எனக்கு. டிசைன்காரர் என்று ஊரே சொல்கிறது, ஒரு காக்கா வரையத் தெரியவில்லை.

மாமா மறுநாள் வரவில்லை. ஆவணியில் டிசைன் வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய், ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலையில் சேர்ந்தார். முதலாளியோடு மனஸ்தாபம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். கடைசிவரை அங்கேயே இருந்தார். நானும் பிறகு வரையவில்லை. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் அந்தத் தாள் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வருஷக்கணக்காக அடுத்தவர் வரைந்ததைப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு மை போகாமல் நிரப்பிய கை அவருடையது. அன்றைக்கு அந்தக் கோணல் பறவையைக் கட்டங்களை லட்சியம் செய்யாமல், கோடுகளுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து வரைந்திருந்தார். நான் அதைக் கவனிக்காமல் இல்லை. மாமாவுக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்தேன்.